தொழில்முறை வைத்திய பரிசோதனை: அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அன்று சங்கக் கட்டடத்தின் முன்கூடத்தில் அங்கத்தினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் வைத்திய பரிசோதனை முகாம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த நமக்கு, தட்டிக்கு அப்பால் டாக்டர் கேட்பதும் வந்தவர்கள் சொல்வதும் தெளிவாகவே காதில் விழுந்தன. (அப்படி விழுந்திருக்கக் கூடாது. அதைப்பற்றிப் பின்னர் சொல்வோம்.) ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தமர்ந்தார்.

"இருமல் உண்டா?"

"இல்லீங்க."

"மூச்சு வாங்குகிறதா?"

"இல்லீங்க."

"நெஞ்சை இறுக்கிப் பிடிப்பதுபோல் எப்போதாவது இருக்குமா?"

"அதெல்லாம் ஒன்றுமில்லீங்க."

இரண்டு நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார். பகல் உணவுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அதே மனிதர் நம் பக்கத்தில் வந்தமர்ந்து பேசலானார். நான்கு வார்த்தை பேசுவதற்குள் மூன்று முறை இருமினார். முன்னாளில் சொந்தக் குழித்தறியில் நெய்தவர். தறி வருமானம் போதாமல் 18 ஆண்டுகளாக ஒரு நூற்பாலையில் கார்டிங் பகுதியில் வேலை பார்க்கிறார். வீட்டுத் தறியை அவர் மனைவியார் நெய்துவருகிறார். சங்கத்தில் அங்கத்தினர் அந்த அம்மையார்தான்.

"ஏன் ஐயா, இந்த இருமலை டாக்டரிடம் சொல்லவில்லையே?" என்று கேட்டோம்.

"சொன்னால் அந்தக் காகிதம் மில்லுக்குப் போகுமுங்க. வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் பிறகு நான் எங்கே போவேன்?" என்றார்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பதில்தான். அவரை நாம் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் யோக்கியதையும் நமக்கு இல்லை. நாம் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் நமக்கும் ஒரு வைத்திய பரிசோதனை நடந்தது. இடது கண் பார்வை சற்று மங்கல் என்பது தெரிந்திருந்தபடியால், வரிசையில் முன்னால் நின்றவர் படித்த எழுத்துக்களைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போய் நின்றோம். நம் முறை வந்ததும் அந்த டாக்டர் அட்டையைத் திருப்பி மாட்டினார். மறுபக்கத்தில் வேறு எழுத்துக்கள்! கண்ணாடி போட்டுக்கொள்ளும்படி எழுதினாரே தவிர, உத்தியோகம் இல்லை என்று எழுதவில்லை. அதுவரை நாமாகவே கற்பனை செய்துகொண்டு பட்ட பயம் கொஞ்சமன்று.

தொழில்முறை வைத்திய பரிசோதனை என்பது பள்ளிக்கூடப் பரீட்சை அன்று. ஒருவர் செய்யும் தொழில் அவர் உடம்பை என்ன செய்திருக்கிறது, அவர் உடம்பு அந்தத் தொழிலை எந்த அளவுக்குத் தாங்கும் என்னும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே அதன் நோக்கம். வேலையில் சேருமுன் ஒருமுறையும், சேர்ந்தபின் குறித்த கால இடைவெளிகளிலும், நீண்ட நோய்க்குப் பிறகு வேலைக்குத் திரும்பும்போதும் இது செய்யப்படுவது வழக்கம். முதற் பரிசோதனையின் அளவுகள் பின்னால் வருவனவற்றுக்கெல்லாம் அளவுகோலாக அமைவதால், அதில் மறைப்பவர் பிற்காலத்தில் தம்முடைய சாட்சியையே தாம் அழித்தவராகிறார். "வரும்போதே இவருக்கு இது இருந்தது" என்றோ, "இவருக்கு ஒன்றுமே இல்லை" என்றோ மற்றவர் சொல்ல இடம் கொடுத்துவிடுகிறார்.

டாக்டர் கேட்கும் முதற் கேள்வி தொழிலைப் பற்றியதாக இருக்கும். நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று இத்தாலி தேசத்து வைத்தியரான ராமசினி, தொழிலாளர் நோய்களைப்பற்றி 1700-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். சணலும் ஆளிநாரும் சிக்கெடுக்கும் தொழிலாளரின் இருமலைப்பற்றியும் அந்நூலில் எழுதியிருக்கிறார். 300 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கேள்விக்கு நம்மவர் சொல்லும் விடை "மில் வேலை", "தறி வேலை", "விவசாயம்" என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. இது போதாது. மில் என்றால் எந்தப் பகுதி? பஞ்சைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் தூசி வேறு. கோன் சுற்றும் இடத்துத் தூசி வேறு. தறி என்றால் கைத்தறியா, விசைத்தறியா? ஒரு கூடத்தில் எத்தனை தறிகள்? சாயம் போடுகிறவர் என்றால் எந்தச் சாயம், கையுறை உண்டா, பொடியைக் கலக்குவது யார்? விவசாயி என்றால் எந்த மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை டாங்கு, யார் அடிப்பது? இவற்றையெல்லாம் முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்வது நலம். பூச்சிமருந்தின் சீட்டைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. அச்சீட்டில் சாய்சதுர வடிவில் ஒரு நிற அடையாளம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டு வரும். டாக்டருக்கு அந்த நிறமும் மருந்தின் பெயருமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

வீட்டில் தார் சுற்றும் பெண்களும், பாவு ஓட்டுவதற்கு உதவும் பெரியவர்களும் "நாங்கள் ஒரு வேலையும் செய்வதில்லை" என்று சொல்வதைப் பல முகாம்களில் கேட்டிருக்கிறோம். சம்பளம் இல்லாவிட்டால் அது வேலை ஆகாது என்பது கணக்கு ஏட்டின் வழக்கம். மூச்சுக்குழல் அந்த ஏட்டைப் பார்ப்பதில்லை.

கேள்விகள் முடிந்ததும் உயரம், எடை, இரத்த அழுத்தம், நாடி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சிறுநீரிலும் இரத்தத்திலும் சர்க்கரை முதலியவற்றைப் பார்ப்பதும் உண்டு. இவை எல்லோரும் அறிந்தவையே. மூச்சுப் பரிசோதனையைத்தான் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம்மவர் பலர் தவறிவிடும் இடம் அது.

ஒருவர் எவ்வளவு காற்றை உள்வாங்கி வெளிவிட முடியும் என்பதை அளக்கும் ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியை 1846-ஆம் ஆண்டில் ஹட்சின்சன் என்ற ஆங்கில வைத்தியர் உலகுக்கு அறிவித்தார். இன்று அது கையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. மூக்கை ஒரு கவ்வியால் அடைத்து, குழலை வாயில் வைத்துக்கொண்டு, மார்பு நிறைய மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் பலமாக ஊதவேண்டும். ஊதத் தொடங்கியபின் நிறுத்தாமல் ஆறு விநாடி வரையிலாவது தொடரவேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளிவந்தது என்பதே முக்கியமான அளவு. குழாய்கள் சுருங்கியிருந்தால் காற்று மெதுவாகவே வரும். மூன்று முறையாவது சரியாக ஊதும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. வேஷ்டியை இறுக்கிக் கட்டியிருந்தால் தளர்த்திக்கொள்ளலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே செல்லக்கூடாது. பீடி, சிகரெட் அதற்கு முன் கூடாது. உடம்பு கெட்டிருக்கிறது என்று காட்ட மெல்ல ஊதுவதும், பயந்து அரைகுறையாக ஊதுவதும் கருவி வரையும் கோட்டில் தெரிந்துவிடும். அந்த அளவு பிறகு எதற்கும் உதவாது.

ஊதுவது எப்படி என்பதைவிட, என்றைக்கு ஊதுகிறோம் என்பது முக்கியம். பஞ்சுத்தூசியால் வரும் மூச்சு நோயை பிஸினோஸிஸ் என்பர். பஞ்சோடு கலந்துவரும் இலைச்சருகு, காய்த்தோடு, பூவடிச் செதில் ஆகியவற்றின் துணுக்குகளும், அவற்றில் வாழும் நுண்கிருமிகளின் நஞ்சும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. இந்நோயின் விசித்திரம் என்னவென்றால், வார விடுமுறை கழிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில்தான் நெஞ்சிறுக்கம் அதிகமாகத் தோன்றும். அடுத்தடுத்த நாட்களில் குறைந்துவிடும். இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளரை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்த டாக்டர் ஷில்லிங் இதைக் கொண்டே நோயைப் படிகளாகப் பிரித்தார். திங்கட்கிழமை சில சமயம் மட்டும் இறுக்கம் தோன்றுவது தொடக்கம்; எல்லாத் திங்கட்கிழமையும் தோன்றுவது அடுத்த படி; மற்ற நாட்களுக்கும் பரவுவது அதற்கும் மேற்பட்ட படி. தொடக்கப் படிகளில் தூசியை விட்டு விலகினால் உடம்பு தேறிவிடக்கூடும். ஆண்டுக்கணக்கில் முற்றவிட்டால் மூச்சுக்குறைவு நிலைத்துவிடும். பீடி பிடிப்பவர்களுக்கு நோயின் வேகம் அதிகம்.

ஆகவே, புதன்கிழமையோ வியாழக்கிழமையோ பரிசோதனை வைத்தால் அது பெரும்பாலும் நோயைத் தவறவிடும். அமெரிக்க நாட்டின் பஞ்சுத்தூசி விதிகள் இதைத் தெளிவாக வகுத்திருக்கின்றன. குறைந்தது 35 மணி நேரம் தூசியிலிருந்து விலகியிருந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், வேலைக்கு நுழையுமுன் ஒருமுறை ஊதவேண்டும்; வேலை தொடங்கி 4 மணி நேரத்துக்கு மேல் 10 மணி நேரத்துக்குள் மறுமுறை ஊதவேண்டும். இரண்டுக்கும் இடையே 5 சதவீதமோ 200 மில்லிலிட்டரோ குறைந்திருந்தால் அத்தொழிலாளியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. நம் நாட்டில் முகாம்களின் தேதி பெரும்பாலும் டாக்டருக்கும் தலைவருக்கும் சௌகரியமான நாளாகவே அமைகிறது. முகாமைத் தொடங்கிவைக்க வரும் பிரமுகரின் சௌகரியமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சங்க நிர்வாகிகள் இதை மாற்றவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இன்னொரு செய்தி. "எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம்" என்று சந்தோஷப்படுகிறவர் பலர். பஞ்சுத்தூசி நோய்க்கு எக்ஸ்ரே படத்தில் தனி அடையாளம் எதுவும் கிடையாது. க்ஷயரோகத்தைக் கண்டுபிடிக்க அப்படம் உதவும். அதற்காக எடுத்துக்கொள்வது அவசியமே. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் என்றால் சளியையும் சோதிக்கக் கொடுக்கவேண்டும். ஆனால் படம் சுத்தம் என்பதாலேயே மூச்சுக்குழாய்களும் சுத்தம் என்று எண்ணிவிடலாகாது. அதற்கு ஊதித்தான் பார்க்கவேண்டும்.

நிற்க. விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்வோருக்குக் காதுப் பரிசோதனை உண்டு. டாக்டர் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்ப்பார். பிறகு சந்தடியில்லாத அறையில் அமர்த்தி, காதுகளில் ஒலிக்கருவியைப் பொருத்தி, வெவ்வேறு சுருதிகளில் மெல்லிய ஒலிகளைக் கேட்கச் செய்வார். ஒலி எவ்வளவு மெலிதாயினும் கேட்டவுடன் விரலை உயர்த்தவோ பொத்தானை அழுத்தவோ வேண்டும். தறிக் கூடத்திலிருந்து நேரே இந்தச் சோதனைக்குச் செல்வது வீண். இரைச்சலில் மரத்துப்போன காது சற்று ஓய்ந்தபின்தான் தன் உண்மையான சக்தியைக் காட்டும். 14 மணி நேரமாவது, கூடுமானால் 16 மணி நேரம், பேரிரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே வந்து வரிசையில் நிற்பவர்களை முகாம் நடத்துவோர் திருப்பி அனுப்பி வேறு நாள் குறிப்பது நல்லது.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் என்னும் உயர்ந்த சுருதியை ஒட்டித் தொடங்குகிறது. சாதாரணப் பேச்சு அதற்குக் கீழேயே பெரும்பாலும் நிகழ்வதால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரிவதில்லை. "எனக்கு நன்றாகக் கேட்கிறது; இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள்" என்பார். ச, த, ப போன்ற வல்லின ஒலிகள் ஒன்றோடொன்று குழம்புவதும், கூட்டத்தில் பேச்சு விளங்காமற் போவதும், காதில் இடைவிடாத ரீங்காரமும் முன்னறிகுறிகள். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லை. நாடா அடிக்கும் விசைத்தறிகள் நெருங்கி ஓடும் கூடத்தில் இரைச்சல் அந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். ஓர் அடையாளம் சொல்வோம்: கையெட்டும் தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேசவேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது. இவ்வகையில் போன செவியுணர்வு மருந்தினால் திரும்புவதில்லை. மேலும் போகாமல் தடுக்கவே முடியும்.

கைத்தறி நெசவாளருக்குக் காதைவிடக் கண்ணே பெரிய விஷயம். நாற்பது வயதுக்குமேல் கிட்டப் பொருளைப் பார்க்கும் சக்தி எல்லோருக்கும் குறைகிறது. இழை அறுந்தது தெரியாமல் நெய்து, கழிவு விழுந்து, கூலியில் பிடித்தம் ஏற்பட்ட பிறகுதான் பலர் இதை உணர்கிறார்கள். சுவரில் தொங்கும் அட்டையைத் தூரத்திலிருந்து படிப்பதோடு பரிசோதனை முடிந்துவிட்டால் திருப்தியடையாதீர்கள். "நான் அச்சுக்கும் கண்ணுக்கும் இவ்வளவு தூரம் வைத்து வேலை செய்கிறேன்" என்று கையால் அளந்து காட்டி, அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி எழுதித்தரக் கேளுங்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன தொழிலாளருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்றவர் பறித்த இலை, பெறாதவர் பறித்ததைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது என்று அதில் கண்டார்கள். தேயிலை பறிப்பதற்கே இப்படியென்றால் இழை எண்ணும் தொழிலுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சாயப்பட்டறைக்காரரின் கைகளை, குறிப்பாக விரல் இடுக்குகளை, டாக்டர் கவனமாகப் பார்ப்பார். அன்று எண்ணெயோ களிம்போ பூசி மறைக்காமல் செல்லவேண்டும். ரியாக்டிவ் சாயப் பொடியை முகர்வதால் சிலருக்கு இழைப்பு வருவதுண்டு, அதையும் சொல்லவேண்டும். முன்னாளில் பென்சிடின் சேர்ந்த சாயங்களைக் கையாண்ட முதியோர், வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மூத்திரப்பையில் வரும் புற்று பல ஆண்டு கழித்தே தலைகாட்டும்.

இனி, பயிரிடும் அங்கத்தினர்களுக்கு. பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்துகளும் கார்பமேட் வகை மருந்துகளும் நம் உடம்பிலுள்ள கோலினெஸ்டரேஸ் என்னும் பொருளை முடக்குகின்றன. நரம்பு இட்ட கட்டளை வேலை முடிந்ததும் அடங்குவதற்கு இப்பொருள் தேவை. இது குறைந்தால் வியர்வை, வாயில் நீரூறல், கண் மங்கல், வயிற்றுப்போக்கு, தசைத்துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றும். இரத்தத்தில் இதன் அளவைக் காணும் பரிசோதனை உண்டு. ஆனால் ஆளுக்கு ஆள் இயல்பான அளவு மிகவும் வேறுபடுவதால், ஒரே ஒருமுறை எடுத்த அளவைக்கொண்டு அதிகம் சொல்வதற்கில்லை. மருந்தடிக்கும் பருவம் தொடங்குமுன், ஒரு மாதமாவது மருந்தைத் தொடாமல் இருந்தபின், முதல் அளவை எடுத்து வைக்கவேண்டும். பருவத்தின் இடையில் எடுக்கும் அளவை அதனோடு ஒப்பிடவேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். சிவப்பணுவிலுள்ள அளவு தம்முடைய முதல் அளவில் 70 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கினால் அவரை மருந்து வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள்; 80 சதவீதத்துக்கு ஏறியபின்பே மறுபடி சேர்ப்பார்கள். நம் நாட்டிலும் 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 37-வது விதி, மருந்தைக் கையாளும் வேலையில் அமர்த்தப்படுவோருக்கு வேலைக்கு முன்னும் குறித்த காலங்களிலும் வைத்திய பரிசோதனை செய்யவேண்டும் என்கிறது. தம் வயலுக்குத் தாமே அடித்துக்கொள்பவருக்கு அதைச் செய்விக்க யாரும் இல்லை என்பதுதான் குறை. இந்தச் சோதனைக்குப் போகிறவர் சோப்புப் போட்டுக் குளித்து, மாற்றுடை உடுத்திச் செல்லவேண்டும். விரல் தோலில் மருந்து ஒட்டியிருந்தால், விரலில் குத்தி எடுக்கும் இரத்தம் பொய்யான அளவைக் காட்டிவிடும்.

பரிசோதனை முடிந்தது. முடிவு யாரிடம் போகிறது? திண்ணையில் நம்மோடு பேசியவரின் அச்சம் இதுதானே. தகுதி, சில கட்டுப்பாடுகளோடு தகுதி, தற்காலிகமாகத் தகுதியில்லை, இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று பொதுவாக நான்கு வகையில் முடிவு எழுதப்படும். இரண்டாவது வகையைப் பலர் அறியார். "தூசிப் பகுதி நீங்கலாக", "காதடைப்போடு", "கண்ணாடியோடு" என்பன போன்ற குறிப்போடு தகுதி என்று எழுதுவதே அது. மறைக்காமல் தொடக்கத்திலேயே சொன்னவருக்கு இவ்வகைச் சீட்டுக் கிடைக்க இடமுண்டு. முற்றும்வரை மறைத்தவர் பெரும்பாலும் நான்காவதில்தான் போய் நிற்கிறார். முதலாளிக்குப் போகவேண்டியது இந்த முடிவு மட்டுமே. நோயின் பெயரும் இரத்தப் பரிசோதனை விவரங்களும் டாக்டருக்கும் பரிசோதிக்கப்பட்டவருக்கும் உரியவை என்று உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 1998-இல் வெளியிட்ட நெறிமுறைகள் சொல்கின்றன. அந்த ஸ்தாபனத்தின் 1985-ஆம் ஆண்டு 161-வது உடன்படிக்கை, இப்பரிசோதனையால் தொழிலாளிக்குக் கூலி நஷ்டம் கூடாது, கட்டணம் கூடாது, இயன்றவரை வேலை நேரத்திலேயே நடக்கவேண்டும் என்றும் கூறுகிறது. தட்டிக்கு இப்பால் கணக்குப் பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கும் கேட்கும்படியாக முகாம் நடத்துவது இந்த நெறிக்கு ஒவ்வாது. தனி அறை ஒன்று கட்டாயம் வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பஞ்சுத்தூசி நோயும் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் அட்டவணையில் சேர்ந்தவை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் அவை இருந்தன. அதனிடத்தில் 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இருக்கின்றன. கண்டுபிடிக்கும் டாக்டர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வு அதிகாரிக்கு எழுதக் கடமைப்பட்டவர். இந்த அறிவிப்பு தொழிலாளிக்குப் பகை அன்று. பஞ்சுத்தூசி நோய் இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்களுள் ஒன்று, இ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கு அவ்வழியாகவே உதவி கிடைக்கும். அந்த உரிமையைக் கோரும்போது கேட்கப்படுவது பழைய பரிசோதனைச் சீட்டுக்களே. ஆகையால் ஒவ்வொரு முறையும் நகல் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தவேண்டும். வாசித்துக் காட்டாத காகிதத்தில் கையொப்பமிட வேண்டாம்.

மேற்சொன்ன சட்டங்களெல்லாம் முதலாளி ஒருவர் இருக்கும் இடத்தில்தான் பேசுகின்றன. சங்கத்தில் நூல் பெற்று வீட்டில் நெய்யும் அங்கத்தினருக்கு முதலாளி யார்? அவரே சங்கத்தின் சொந்தக்காரர். சொந்தக்காரரைப் பரிசோதிக்க எந்தச் சட்டமும் ஆள் அனுப்புவதில்லை. இந்த இடைவெளியைச் சங்கமேதான் நிரப்பவேண்டியிருக்கிறது. உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் பொது நல நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு பரிசோதனைக்கும் கண்ணாடிகளுக்கும் தொகை ஒதுக்கலாம். ஆட்சேபணை எதுவும் நம் பக்கத்திலிருந்து எழாது என்று தைரியமாகச் சொல்வோம். தீர்மானம் மட்டும் ஒழுங்காக நிறைவேறியிருக்க வேண்டும்.

திண்ணையில் பேசியவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாமும் அவருடைய மனைவியாரும் சேர்ந்து சொன்னதன்பேரில், வார விடுமுறைக்கு மறுநாள் வேலைக்குப் போகுமுன் ஒருமுறையும், வேலை முடிந்து வந்து ஒருமுறையும் ஆஸ்பத்திரியில் ஊதினார். காலையில் முதல் விநாடிக்கு 2.4 லிட்டர், மாலையில் 2.1 லிட்டர். "கார்டிங், ப்ளோ ரூம் நீங்கலாகத் தகுதி" என்று சீட்டு எழுதப்பட்டது. ஆறு வாரம் அலைந்தபின் கோன் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். இரவு ஷிப்டுக்குரிய படி போயிற்று. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது. இழப்பீட்டு விண்ணப்பம் விசாரணையில் இருக்கிறது. இருமல் குறைந்திருப்பதாக அவர் மனைவியார் சொல்கிறார். அவர் அதைத் தம் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. சங்கத்தின் அடுத்த முகாமை வார விடுமுறைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு, நூல் கிடங்கைக் காலி செய்து தனி அறையாக்கி நடத்துவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. கார்டிங்கில் தம்மோடு வேலை செய்த நால்வரின் பெயரை அவரே கொண்டுவந்து பதிவு செய்திருக்கிறார்.